டோரீனின் மாடுகளும் பெரியவரின் வெளிச்சத் துவாரமும்

உங்களில் யாராவது மாடு நடப்பதற்காக ஒரு பாதையை டிசைன் செய்திருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை. நல்லதாகப் போயிற்று, நான் சொல்வதை மறுத்துப் பேச இந்த மண்டபத்தில் ஆள் கிடையாது.

இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்ட தம்பி, "அங்கிள், யங் எஞ்சினியர்சுக்கு யூஸ்ஃபுல்லா ஏதாவது சொல்லுங்கோ" என்றார். வேலைக் காலம் முழுவதும் வீதி போட்டுத் தள்ளியவன் நான். கொங்கிறீற் எப்போது இறுகும், தார் எந்தச் சூட்டில் இளகும் என்பதையெல்லாம் உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றைச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு கூட்டத்துக்கு முன்னால் உங்கள் கையில் மைக்கைத் திணித்து, "ஏதாவது பகிடியாகச் சொல்லும், சனம் சிரிக்கட்டும்" என்று மேலதிகாரி கேட்டால் என்ன செய்வது? இதற்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் இல்லை. இருந்தால் நான் அதிலும் பெயிலாகியிருப்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னிலிருந்து மேற்கே போகும் பழைய வீதியை வெரிபீப் பக்கத்தில் ஃப்ரீவே ஆக்கிக்கொண்டிருந்தோம். டார்னெய்டில் வீடு வாங்கிவிட்டு, காலையில் அந்தப் பக்கத்துக் கார் வரிசையில் நின்று எங்களைத் திட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், தெரியும். திட்டுங்கள். அப்போது அந்தப் பக்கம் புல்லும் காற்றும் மாடும்தான். இவ்வளவு சனம் வந்து குவியும் என்று யார் கண்டது?

ஃப்ரீவே என்றால் அகலமான வீதி என்று ஊரார் நினைப்பார்கள். அகலம் ஒரு விஷயமே இல்லை, புல்டோசர் இருந்தால் எவனும் அகலமாக்குவான். வீதியோரத்துக் கேற்றுகளை மூடுவதுதான் ஃப்ரீவே. பழைய வீதியில் ஒவ்வொரு தோட்டக்காரனுக்கும் ஒரு வாசல் இருந்தது, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு சந்தி இருந்தது. அதையெல்லாம் அடைத்து, ஒருவரும் குறுக்கே வராமல், ஒருவரும் நிற்காமல் ஓட விட வேண்டும். ஆகவே எங்கள் வேலை பாதி மண்ணோடு, மீதி கேற்றை இழக்கப்போகிறவர்களின் கோபத்தோடு.

அப்படிக் கேற்றை இழக்கவிருந்தவர்களில் ஒருவர் டோரீன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. புருஷன் இடுப்பு உடைந்து வீட்டோடு இருந்தபடியால் பண்ணை முழுவதும் அவர் தலையில். வாயில் எப்போதும் ஒரு சிகரெட், காலில் முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. வீடும் பால் கறக்கும் கொட்டகையும் வீதிக்கு இந்தப் பக்கம், மாடுகள் மேயும் பெரிய புல்வெளி அந்தப் பக்கம். பின்னேரம் பால் கறந்து முடிந்ததும் டோரீன் ஒரு சிவப்புக் கொடியோடு நடு றோட்டில் வந்து நிற்பார். லொறி, கார், பஸ் எல்லாம் நிற்கும், மாடுகள் ஆடி அசைந்து கடக்கும். விடியப்புறத்தில் அதே மாதிரித் திரும்பி வரும், அப்போது வாகனம் குறைவு. கல்யாணமாகி வந்த நாள் தொட்டு அவர் செய்துவந்த வேலை இது.

ஃப்ரீவேயில் கொடி பிடிக்க முடியாது. எங்கள் அரசாங்க வீதித் திணைக்களம் இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று, வீதிக்குக் கீழே மாடு நடக்க ஒரு கொங்கிறீற் சுரங்கவழி கட்டிக் கொடுப்பது. அது சரிவராவிட்டால், அந்தப் பக்கத்துப் புல்வெளியைக் கட்டாயமாக வாங்கிக்கொள்வது. வாங்கிக்கொண்டால் பண்ணை முடிந்தது. மிச்சமிருக்கிற நிலத்தில் நாலு மாடும் ஒரு நாயும்தான் நிற்கலாம். சுரங்கவழி கட்டியாயிற்று, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. மாடுகள் மட்டும் அதற்குள் போக மாட்டோம் என்று நின்றன.

எங்கள் தலைமைப் பொறியியலாளரைப் பெரியவர் என்று சொல்கிறேன். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் மல்கிரேவ் பக்கம் எங்காவது உங்களுக்கு மனேஜராக இருக்கக்கூடும். கெட்டவர் இல்லை. நல்ல மூளை, நல்ல கையெழுத்து, மற்றவன் சொல்வதைக் கேட்க மட்டும் காது இல்லை. நான் அவருக்குக் கீழே வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வேலைத்தளத்தில் வெள்ளைத்தோல் இல்லாத ஒரே பொறியியலாளன் நான்தான்.

ஒருநாள் அவர் என்னைத் தளத்துக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். பெரியவர், டோரீன், தளத்தில் இருந்த எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் சொல்லப்போகிறேன், அவர்கள் வாய்க்கு அது நன்றாகவே பொருந்தும். 'மேட்' என்று அவர்கள் சொல்வதற்கு நம்முடைய 'ஐசே'யைவிடப் பொருத்தமான சொல்லை நான் இன்றுவரை காணவில்லை.

"ஐசே, நீர் இந்துதானே?" என்றார் பெரியவர்.

"ஓம்" என்றேன்.

"அப்ப மாடு உங்களுக்குத் தெய்வம். நல்லதாப் போச்சு. டோரீன்ர மாட்டுப் பிரச்சினையை இண்டையிலிருந்து நீர் பாரும்."

எனக்கு வந்த சிரிப்பையும் ஆத்திரத்தையும் சேர்த்து விழுங்கினேன். நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு மாடிவீட்டில். எங்கள் வீட்டுக்குப் பால் போத்தலில் வந்தது. கோயில் வாசலில் ஒரு தெருமாடு என்னைத் துரத்தியதிலிருந்து மாட்டைக் கண்டால் நான் வீதியின் மறுபக்கம் போய்விடுவேன். படித்தது கட்டமைப்புப் பொறியியல். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "தன்னடக்கம்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

தம்பிமாரே, தங்கைச்சிமாரே, இது உங்களுக்கும் நடக்கும். உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வேலை தருவார்கள். கொம்பியூட்டர் பழுதானால் உங்களைத்தான் பார்ப்பார்கள், கறி வாங்கவும் உங்களைத்தான் கேட்பார்கள். தருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது கதவைத் திறக்கும். ஆனால் தருவதற்குச் சொல்கிற காரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இதை நான் அன்றைக்கு யோசித்துச் செய்யவில்லை. கோபத்தில் செய்தேன்.

சுரங்கவழியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீண்ட கொங்கிறீற் பெட்டி. அதன் மேலே ஃப்ரீவே: போகும் வாகனங்களுக்கு ஒரு பாதை, வரும் வாகனங்களுக்கு இன்னொரு பாதை. நடுவில் ஒரு புல்தரை. அந்தப் புல்தரையில்தான் பெரியவர் தன் பெருமையை வைத்திருந்தார். உள்ளே இருட்டாக இருந்தால் மாடு பயப்படும் என்று, பெட்டியின் நடுமுகட்டில் ஒரு பெரிய வெளிச்சத் துவாரம் விட்டிருந்தார். யாரும் தவறி விழக்கூடாது என்று அதன்மேல் தடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாகப் போட்டிருந்தார். இங்கிலாந்தில் நடக்கவிருந்த ஒரு மகாநாட்டுக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அந்தத் துவாரத்தைத்தான் காட்டுவார்.

மாடுகள் அந்த வாசலுக்குள் நுழையும், பாதி தூரம் போகும், நடுவில் நின்றுவிடும். முன்மாடு நின்றால் பின்மாடுகள் முட்டிக்கொள்ளும், பிறகு எல்லாம் ஒரே குழப்பமாகப் பின்வாங்கி ஓடி வரும். வைக்கோல் தூவிப் பார்த்தார்கள், சாணியைப் பரப்பிப் பார்த்தார்கள், நாயை விட்டுத் துரத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தரமும் டோரீன் பழைய கொடியை எடுத்துக்கொண்டு மேலால்தான் கடத்தினார்.

நான் பொறுப்பெடுத்த முதல் வாரம் ஒரு பின்னேரம் மழை மேகம் மூடிக்கொண்டு வந்தது. மெல்பேர்ன் வானத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் சுரங்கவழி வாசலில் நின்றேன். டோரீன் மாடுகளை ஓட்டி வந்தார். முன்னால் வந்தது கிளாடிஸ் என்ற முன்மாடு, ஒரு சின்னக் கார் அளவு உடம்பு. அது நேராக என்னை நோக்கி வர, நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ஐயோ முருகா, முருகா, கிட்ட வராதை" என்று முணுமுணுத்தேன். கிளாடிஸ் என்னைத் தாண்டி உள்ளே போனது. போனது போனதுதான். பின்னால் மற்றவையும் வரிசையாகப் போய் அந்தப் பக்கம் ஏறிவிட்டன!

எங்கள் ஃபோர்மன் கொஸ்டா, கிரேக்கர், அந்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டார். தேநீர் நேரத்துக்குள் தளம் முழுவதும் கதை பரவிவிட்டது. இந்து மந்திரம் சொன்னான், மாடு கேட்டது. நான் பயத்தில் முனகினேன் என்று எத்தனை தரம் சொன்னாலும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தநாள் நல்ல வெயில். மாடுகள் பழையபடி நடுவில் நின்றுவிட்டன.

"நேற்றுச் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ஐசே" என்றார் கொஸ்டா.

"நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டுறன்!"

"ஏதோ ஒரு சொல்லை விட்டுட்டீர். யோசிச்சுப் பாரும்."

என் ஆத்திரம் எங்கே போவது? அதற்கு அடுத்தநாள் நான் வேறு வேலை செய்தேன். இதுவரை எல்லாரும் மாடுகளுக்குப் பின்னால்தான் நின்றோம், ஓட்டுகிறவனுக்கு அதுதான் இடம். நான் மறுபக்கத்தால் உள்ளே போய், நடுத்துவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரோடு சாய்ந்து நின்றேன். மாடு பாய்ந்தால் ஓட இடமில்லை.

கிளாடிஸ் வந்தது. துவாரத்துக்குக் கிட்ட வந்ததும் நின்றது. அது மேலே பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையை மோந்து, புஸ் என்று மூச்சு விட்டது. நானும் தரையைப் பார்த்தேன். மேலேயிருந்த கம்பிகளின் நிழல் தரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன மேகம் வெயிலை மறைத்தது. கோடுகள் மறைந்தன. கிளாடிஸ் ஒரு காலை முன்னே வைத்தது. மேகம் விலகியது, கோடுகள் திரும்ப விழுந்தன. வைத்த காலை எடுத்துக்கொண்டது.

டோரீன் வீட்டுக் கேற்றடியில் ஒரு குழி இருக்கும். அதன்மேல் இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார்கள். கார் போகும், மாடு போகாது, கால் சிக்கும் என்று அதற்குத் தெரியும். கேற்றைத் திறந்தே வைத்தாலும் மாடு வெளியே வராமலிருக்க இந்த நாட்டு விவசாயிகள் செய்கிற வேலை அது. நான் தினமும் அதன்மேல் கடகடவென்று ஓட்டிக்கொண்டு போகிறவன். பெரியவர் மாடு பயப்படக்கூடாது என்று வெளிச்சம் விட்டு, அந்த வெளிச்சத்தாலேயே நடுவில் அதே கம்பிக் குழியை வரைந்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு வெயில் பின்னேரமும் அது தானாக முளைக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கிளாடிஸைக் கட்டிப்பிடித்திருப்பேன், பயம் விடவில்லை.

ஓடினேன் கொட்டகைக்கு. பெரியவரிடம் கடதாசியில் கீறிக் காட்டினேன். துவாரத்தின்மேல் ஒரு தகட்டைப் போட்டு மூடிவிட்டால் போதும், வேறு எதையும் தொடத் தேவையில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாட்டுக்கு வெளிச்சம் வேணும் ஐசே. இது ஆராய்ஞ்சு செய்த விஷயம்."

"நான் கண்ணால கண்டனான். மேகம் மூடினவுடன காலை வைச்சது."

"நீர் நல்லாக் கஷ்டப்படுறீர், அது எனக்குத் தெரியுது. ஆனால் மாட்டுப் பக்கத்தை நீர் பாரும். கொங்கிறீற் பக்கத்தை நான் பாக்கிறன்."

அந்த வசனத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது சொல்லும்போதும் எரிகிறது. மழை நாளில் மந்திரம் சொன்னேன் என்றால் நம்புகிற மனிதன், கம்பிக்கு நிழல் உண்டு என்றால் நம்பமாட்டேன் என்கிறார்.

டோரீனிடம் போய்ச் சொன்னேன். அவர் கேற்றுக் குழியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அட, சனியன்!" என்றார். விளங்கிவிட்டது. பிறகு சிகரெட்டை வாயின் மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"உங்கட சாமிக்கு வெளிச்சம் ஆகாது, துவாரத்தை மூடச் சொல்லுது எண்டு அந்தாளிட்டச் சொல்லும். உடன மூடுவான்."

"நான் எஞ்சினியர். பூசாரி இல்லை."

"என்ர மாட்டுக்கு நீர் ஆரெண்டு தேவையில்லை. அது போனால் சரி. போகாட்டில் என்ர வீடு போகும், விளங்குதோ?"

அவர் சொன்னது நியாயம். ஒரு சின்னப் பொய், பெரியவர் தலையாட்டுவார், மாடு பிழைக்கும், என் வேலையும் நிரந்தரமாகும்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் என் மனைவி சறோவிடம் சொன்னேன். அவள் புரையேறும் வரை சிரித்தாள்.

"சொல்லிப் போடுங்கோவன். முருகன் கோவிக்கமாட்டார்" என்றாள்.

"சொல்லலாம்தான்."

"ஆனால் ஒண்டு. பிறகு ஒவ்வொரு பாலத்துக்கும் தேங்காய் உடைக்கக் கூப்பிடுவினம். போவியளோ?"

அவள் அதை விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

திறப்பு விழா நாளும் வந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம். என் ராசி! பெரியவர் விழாவைப் பின்னேரத்தில் வைத்திருந்தார். அமைச்சர் மேலே ரிப்பனை வெட்டுவார், அதே நேரம் டோரீனின் மாடுகள் கீழால் கடக்கும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். மாடுகள் கடந்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, மாட்டுப் பக்கத்தை நான் பார்க்கிறேனே.

நான் பொய்யும் சொல்லவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. கொஸ்டாவைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பெரிய தார்ப்பாயைத் துவாரத்தின்மேல் விரித்து, மண்மூட்டைகளை ஓரத்தில் வைத்தேன். "ஆர் சொன்னது?" என்று கேட்டார் கொஸ்டா. "நான்தான்" என்றேன். அதற்குள்ளும் ஏதோ மதக் காரணம் இருக்கும் என்று நினைத்து அவர் வாய் திறக்கவில்லை.

பெரியவர் தார்ப்பாயைக் கண்டார். முகம் சிவந்து என்னை நோக்கி வர, அமைச்சரின் கார் வந்துவிட்டது. பாண்ட் வாத்தியம் முழங்கியது. கீழே டோரீன் குரல் கொடுத்தார். கிளாடிஸ் வாசலுக்குள் நுழைந்தது. எல்லாரும் மறுபக்கத்து வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கிளாடிஸின் தலை தெரிந்தது, பின்னால் இன்னொன்று, பின்னால் இன்னொன்று. கூட்டம் கைதட்டியது. டோரீன் கடைசி மாடுகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

பெரியவருக்கு இருந்த கோபம் எல்லாம் ஆவியாகிவிட்டது. மைக்கைப் பிடித்தார். கிழக்கிலிருந்து வந்த எங்கள் நண்பர், மாட்டைத் தெய்வமாகக் கும்பிடுகிற நாட்டுக்காரர், இந்த மாடுகளோடு தனிப்பட்ட முறையில் பேசியிருக்கிறார் என்றார். ஒரே சிரிப்பு. பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கொஸ்டாவைப் பார்த்து, "அந்தக் கந்தலை இழுத்து எறியும். அமைச்சருக்குத் துவாரத்தைக் காட்ட வேணும்" என்றார். என் பக்கம் திரும்பி மைக்கை நீட்டினார். "வாரும், மாட்டுக்கு என்ன சொன்னனீரெண்டு எங்களுக்கும் சொல்லும். பகிடியாச் சொல்லும்."

இங்கேதான் நான் முதலில் கேட்ட கேள்வி. நான் ஒரு பகிடி விட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். தார்ப்பாய் போய்விடும். நாளைக்கு வெயில் எறிக்கும், மாடு நிற்கும். திணைக்களம் என்ன சொல்லும்? அமைச்சர் முன்னால் கடந்ததே, படமும் இருக்கிறதே, இனி அது உங்கள் மாட்டின் பிடிவாதம் அம்மா, புல்வெளியைத் தாரும் என்று சொல்லும். மாடுகள் ஒருமுறை கடந்ததே டோரீனின் கழுத்துக்குக் கத்தியாகப் போகிறது. அவருக்குப் பேச அதற்குப் பிறகு ஒரு வாயும் இருக்காது. என்னிடம் மட்டும்தான் அப்போது மைக் இருந்தது.

"அமைச்சர் அவர்களே, நான் மாட்டோட ஒண்டும் கதைக்கேல்லை" என்றேன். "எனக்கு மாடெண்டால் பயம்." சிரித்தார்கள். பகிடி என்று நினைத்துவிட்டார்கள். "மாடு போனது அந்தத் தார்ப்பாயால. அதைக் கழட்டினால் நாளைக்கு மாடு நிக்கும். கம்பி நிழல் தரையில விழ, அதுக்கு அது குழியாத் தெரியுது. மேலால ஒரு இரும்புத் தகடு போட வேணும். இது சாமி விஷயம் இல்லை, டிசைன் பிழை."

மைக் கீச்சிட்டது. பாண்ட்காரன் ஒருவன் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்ததுகூடக் கேட்டது. பெரியவரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

அமைச்சர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்பிடியோ? எங்க, ஒருக்காக் கழட்டும் பாப்பம்" என்றார். பாவம், காலையிலிருந்து ரிப்பனையும் கேக்கையும் பார்த்துச் சலித்துப்போன மனிதன். கொஸ்டா தார்ப்பாயை இழுத்தார். உள்ளே வந்துகொண்டிருந்த கடைசி மாடுகள் நடுவில் அப்படியே நின்றன, ஒன்று கத்தியது. கீழேயிருந்து டோரீன், அமைச்சர் இருப்பது தெரியாமல், நான் இங்கே சொல்ல முடியாத வார்த்தைகளால் எங்கள் எல்லாருடைய தாய்மாரையும் விசாரித்தார். தார்ப்பாயைத் திரும்ப விரித்ததும் மாடுகள் நடந்தன. அமைச்சர் துள்ளினார். "இன்னொருக்கா!" என்றார். மாடுகள் தீரும் வரை அந்த மனிதன் சின்னப்பிள்ளை மாதிரிக் கழற்றச் சொல்லியும் விரிக்கச் சொல்லியும் விளையாடினார். அப்படித்தான் அந்த ஃப்ரீவே திறக்கப்பட்டது. ரிப்பனை யார் வெட்டினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த வாரமே இரும்புத் தகடு வந்து பொருந்தியது. எனக்கும் ஒரு இடமாற்றம் வந்தது, தார் சோதிக்கும் கொட்டகைக்கு. ஜன்னல் திறந்தால் நாற்றம், பூட்டினால் தலைச்சுற்று. நிரந்தரம் ஆவதற்கு மற்றவர்களைவிட நெடுங்காலம் எடுத்தது. பெரியவர் ஓய்வு பெறும்வரை என்னோடு ஒரு சொல் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கீறிய சுரங்கவழிகள் எதிலும் வெளிச்சத் துவாரம் இல்லை. எனக்கு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். சறோ உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் தார் நாற்றத்தைத் திட்டுவாள், திட்டி முடித்து, "நல்ல வேலை செய்தியள்" என்பாள்.

நீங்கள் கேட்பீர்கள், இதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. கொட்டகைக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு, கடதாசியில் கீறி, பக்குவமாகத்தான் முதலில் சொன்னேன். அதை முதலில் செய்யுங்கள், எப்போதும் செய்யுங்கள். கேட்காவிட்டால் மைக் வரும்வரை காத்திருங்கள். வந்தால் கை நடுங்கும். நடுங்கட்டும், மைக் விழாமல் பிடித்தால் போதும்.

தளத்தை விட்டுப் போகும் நாள் டோரீனிடம் சொல்லிவிட்டுப் போகப் போனேன். பின்னேரம், நல்ல வெயில். மாடுகள் தகட்டுக்குக் கீழால் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, மேலே லொறிகள் நிற்காமல் ஓடின. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம்.

"உண்மையாவே நீர் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றார் டோரீன்.

"இல்லை. கம்பி நிழல்தான். உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும், தெரியும். மழை பெய்த அண்டைக்கும் ஒண்டும் இல்லையோ?"

"பயத்தில முருகா எண்டனான். அவ்வளவுதான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "சேர்ச்சில எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே" என்றார். பிறகு மாடுகளின் பக்கம் கையைக் காட்டினார். "கிளாடிஸ் கன்று போடப் போறாள். போன முறை கன்று தப்பேல்லை, தாயும் அரும்பொட்டிலதான் தப்பினது." சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்தார். "உங்கட ஆக்கள்ர ஏதாவது உமக்குத் தெரிஞ்சால் ஒண்டு சொல்லுமன். ஆரும் பாக்கேல்லை."

நான் சுற்றிப் பார்த்தேன். பெரியவர் இல்லை, அமைச்சர் இல்லை, மைக் இல்லை. சப்பாத்தைக் கழற்றினேன். கால் சேற்றிலும் சாணியிலும் புதைந்தது. பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நின்று பாடுகிற தேவாரம் ஒன்றுதான் எனக்கு முழுதாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, ராகம் தப்பினாலும் ஒரு வரியும் விடாமல், கிளாடிஸுக்காகப் பாடினேன். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது டோரீன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார்.